சாட்சி சொன்ன ஒரே பதில்

போன வருடம் மைசூரில் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். குறுக்கு விசாரணையைப் புரியவைக்க எங்கள் மேடம் நிஜமான கோர்ட் ஆவணங்களை ஜெராக்ஸ் எடுத்து வருவார். பெயர்களை மட்டும் கறுப்பு மையால் அழித்திருப்பார். ஒரு நாள் சாட்சியின் பதில்களைப் படிக்க என்னை எழுந்து நிற்கச் சொன்னார்; எதிர்த்தரப்பு வக்கீலாக ஒரு வகுப்புத் தோழன்.

லாரி மோதி இறந்துபோனவரின் மனைவிதான் சாட்சி. ஊர் கொள்ளேகால். கணவருக்குப் பட்டு நூல் முறுக்கும் வேலை. பொங்கலுக்கு முந்தின நாள் விபத்து. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் அப்பா போனதும் அப்படித்தான்.

நிறுத்தத் தெரியாமல் படித்துக்கொண்டே போனேன்.

"உங்க கணவர் குடிச்சிருந்தார், சரிதானே?"

"ஹௌது." கேள்வியும் பதிலும் கன்னடத்தில்; ஹௌது என்றால் ஆமாம்.

"அவரேதான் லாரிக்குக் குறுக்கே வந்தார்?"

"ஹௌது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "புருஷனையே மாட்டிவிட்டிருக்காங்க!" என்றான் வக்கீலாக நின்றவன். அப்பா குடிக்கவே மாட்டார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நடந்துகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா குடிச்சிருந்தார்னு கோர்ட்டுல சொன்னியாம்மா?"

"அவங்க கேட்டதே புரியல கண்ணு. அந்தியூர்ல இருந்து கட்டிக்கிட்டு வந்தவ. கடைக்குப் போற அளவுக்குத்தான் கன்னடம். அத்தனை பேரைப் பார்த்ததும் நடுக்கம். எல்லாத்துக்கும் ஹௌதுன்னுட்டேன். கேஸ் தோத்தப்புறந்தான் என்ன சொன்னேன்னே தெரிஞ்சுது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்டச் சொல்லுவேன்?"

"இங்கே எல்லாருக்கும் சொல்லட்டுமா?"

"சொல்லு சாமி. அவரு குடிக்கலைன்னு ஒரு இடத்துலயாச்சும் சொல்லு."

உள்ளே போய்ச் சொன்னேன். அந்தச் சாட்சி என் அம்மா என்பதிலிருந்து முழுசாகச் சொன்னேன். வக்கீலாக நின்றவன் தலைகுனிந்து நின்றான். மேடம் முகம் வெளுத்துப்போய், "இனி இதை வகுப்புக்குக் கொண்டுவர மாட்டேன்" என்றார்.

"கொண்டு வாங்க மேடம். சாட்சிக்கு என்ன மொழி தெரியும்னு முதல்ல கேட்கச் சொல்லிக்கொடுங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தோற்ற வழக்கு தோற்றதுதான். ஆனால் இப்போது பயிற்சிக்காகக் கோர்ட்டில் உட்காரும்போது, யாராவது யோசிக்காமல் வேகமாகத் தலையாட்டினால், கேள்வி அவருக்குப் புரிந்ததா என்று தெரிகிறவரை எனக்கு இருப்புக்கொள்வதில்லை.