றோஸ் நிறப் பறவை பார்க்கப் போன சனியும் ஞாயிறும்

பிள்ளைகளே, இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

லண்டனில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஒரு சனி ஞாயிறில் ஆபிரிக்காவில் சுற்றித் திரிந்த வீடியோவை எங்களுக்கு அனுப்பியிருந்தார். மலை ஏறுகிறார், யானை பார்க்கிறார், சின்ன வள்ளத்தில் துடுப்புப் போடுகிறார். ஓர் ஏரி நிறைய றோஸ் நிறத்தில் பூநாரைகள் நிற்கின்றன. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, “றோஸ் நிறப் பூநாரை எங்கடை பரவைக்கடலுக்கும் வாறது, என்ரை அப்பா கண்டவர்” என்று வகுப்பில் சொல்லிவிட்டாள்.

“புளுகாதை! உன்ரை அப்பா கொக்குக்குப் பெயின்ற் அடிச்சுவிட்டவரோ?” என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நான் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். அதனால் அந்தப் பகிடி அவளுக்கு நன்றாகச் சுட்டுவிட்டது.

“திங்கட்கிழமை போய், நான் என்ரை கண்ணாலை கண்டனான் எண்டு சொல்லவேணும் அப்பா.”

சனிக்கிழமை விடியவே இணுவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். தென்மராட்சிக்குப் போகும் வீதியோரம் அதை விட்டுவிட்டு, பரவைக்கடல் கரையால் நடந்தோம். பரவைக்கடல் என்றால் முழங்கால் அளவே ஆழமுள்ள கடல். மழை விட்ட தை மாதம், காலெல்லாம் சேறு. இரண்டு கூழைக்கடாவும் கொஞ்சக் கொக்கும் கண்டோம். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை.

“அப்பா, அங்கை! றோஸ்!”

தூரத்தில் கண்டல் பற்றைகளுக்குள் றோஸ் நிறம் அசைந்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். கிட்டப் போகப் போக மணம் வந்தது. பறவைகள் இல்லை. மீன் சந்தையில் தருகிற றோஸ் நிறப் பொலித்தீன் சொப்பின் பைகள், நூற்றுக்கணக்கில் பற்றை முழுக்கச் சிக்கிக் கிடந்தன. கிழிந்த பைகளில் இருந்து மீன்குடலும் இறால் கோதும் கோழிச் செட்டையும் வழிந்தன. புழு நெளிந்தது. இலையான் எங்கள் வாயிலும் மூக்கிலும் வந்து மொய்த்தது.

“சீ! ஆரப்பா உப்பிடிக் கொண்டுவந்து எறியிறது?”

“ஆரோ ஊத்தைச் சனம்.”

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பையைக் குனிந்து பார்த்தாள். “இதுக்கு அம்மா கட்டிற மாதிரி ரெண்டு முடிச்சுப் போட்டிருக்கு.”

“உன்ரை அம்மா மட்டுமே ரெண்டு முடிச்சுப் போடுறவ? வா, போவம்.”

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, அவற்றின் கழிவுகூட அன்றைக்கு வளவுக்குள் கிடக்கக் கூடாது. வியாழக்கிழமைக் குடலையும் செதிலையும் மனைவி பையில் கட்டித் தருவா. வெள்ளி காலை நான் முழுகி, திருநீறு பூசி, அந்தப் பையைக் கைபிடியில் கொழுவிக்கொண்டு வேலைக்குப் போவேன். பரவைக்கடல் வந்ததும், மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே வீசிவிடுவேன். நாங்கள் போனதற்கு முதல் நாளும் வீசியிருந்தேன். வீடு சுத்தமாகிவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரைக் கெஞ்சிப் பிடித்து அவருடைய வள்ளத்தில் ஏறினோம். அவர் கோலை ஊன்றித் தள்ளினார்.

“பறவை உள்ளுக்கை தள்ளிப் போயிட்டுது தம்பி. கரையிலை நாத்தம், குடல் தின்ன வாற நாயள் வேறை. நீங்கள் எந்த ஊர்?”

“இணுவில் அண்ணை.”

“உங்கடை பக்கத்துச் சனத்துக்கு வெள்ளிக்கிழமை விரதம். என்ரை வலைக்கு அண்டைக்குத்தான் மச்சம்!” என்று சொல்லிச் சிரித்தார். “மீனில்லை, குடல்.”

மகள் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். அதிலும் ஒரு பை மிதந்து போனது.

கொஞ்சத் தூரத்தில் வள்ளம் சேற்றில் இறுகிவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். தொடைவரை புதைந்த காலுக்குக் கீழே ஏதோ பொத்தென்று உடைந்தது. கறுத்த தண்ணீர் கொப்பளித்து வர, ஓர் அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன்.

“அப்பா! நிமிருங்கோ! பாருங்கோப்பா!”

எனக்கு நிமிர முடியவில்லை. நூறு சீலையை ஒன்றாக உதறுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்தபோது வானத்தில் மெல்லிய றோஸ் நிறக் கோடு ஒன்றுதான் மிச்சம்.

திரும்பி வந்து கரையில் இறங்கியதும் கேட்டேன்.

“கண்டிட்டாய்தானே பிள்ளை. நாளைக்கு வகுப்பிலை சொல்லலாம்.”

“ஓம், கண்டனான். செட்டைக்குக் கீழை நல்ல சிவப்பு.” காலில் இருந்த சேற்றைத் தடியால் வழித்தாள். “ஆனால் வகுப்பிலை எல்லாரும் தங்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுவினம். வந்தால் உந்தப் பையளையும் காணுவினம். ஆர் எறிஞ்சதெண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?”



“அப்பாவும் எறிஞ்சவர் எண்டு சொல்லு” என்றேன்.