மூன்றாவது விசில்

அருப்புக்கோட்டை சௌடப்பன் தறிக்குழியை விட்டு எழுந்து பஸ்ஸில் ஏறியது 1963-இல். "கால் வைக்கக் குழி இருக்குற வேலைய விட்டுட்டு, கால் வைக்க எடமில்லாத வேலைக்குப் போறான்" என்று அவன் அப்பா திம்மையா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். நியாயமான பேச்சுதான். திருச்சுழி வழியாக வீரசோழன் கிராமத்துக்குப் போகிற அந்தத் தனியார் பஸ்ஸில் ஐம்பது பேர் உட்காரலாம். சந்தை நாளில் நூறு பேரும் ஏழெட்டுக் கோழிகளும் ஏறும். அதற்குள் நீந்தி நீந்திச் சீட்டுக் கிழிப்பவன் கண்டக்டர் சௌடப்பன். முன்னால் கோட்டைக்குக் காவல் இருப்பவர் மாதிரி உட்கார்ந்து ஓட்டுபவர் டிரைவர் சங்கையா.

சங்கையாவிடம் மீசையும் கோபமும் சம அளவில் இருந்தன. முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"ஒரு விசில் அடிச்சா நிப்பேன். ரெண்டு அடிச்சாப் போவேன். அதுக்கு மேல ஒனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது."

"சரிண்ணே."

"இந்தச் 'சரிண்ணே'யும் வேண்டாம்."

மூன்று வருஷம் அப்படித்தான் போனது. ஒரு தடவை கூரை மேல் கட்டிய பருத்தி மூட்டை அவிழ்ந்து விழுந்தபோதுகூட, சௌடப்பன் ஒரு விசில் அடித்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றான். என்ன விஷயம் என்று கண்டுபிடிக்கச் சங்கையா இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஜனங்கள் இதைப் பெரிய ஒற்றுமை என்று நினைத்தார்கள்.

திருச்சுழி தாண்டி ஒரு காட்டாறு. குறுக்கே தரைப்பாலம். வருஷத்தில் பத்து மாதம் அதில் மணல் மட்டும்தான் இருக்கும். ஆனால் இங்கே ஒரு பொட்டு மழை இல்லாமல், எங்கோ மேற்கே பெய்த தண்ணீர் வெயிலோடு வெயிலாக வந்து நிற்கும். பாலத்தின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையடித்த கற்கள். தண்ணீர் ஓடினால் கண்டக்டர் இறங்கி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, முன்னால் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். கல்லுக்குத் தலை தெரிந்தால் ரெண்டு விசில். தலை முழுகினால் வண்டி இறங்கக் கூடாது. யாரும் எழுதிவைக்காத சட்டம் இது. அந்தத் தடத்தில் ஓடிய எல்லாருக்கும் தெரியும்.

1966 ஐப்பசியில் ஒரு மத்தியானம். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சௌடப்பன் இறங்கப்போனபோது, படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துத்தாய் கேட்டார். மகளுக்குப் பிள்ளை பிறந்ததைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்.

"தம்பி, போயிருவமா?"

"அண்ணன் இருக்காகள்ல ஆத்தா, சும்மா ஒக்காருங்க."

பாதிப் பாலத்தில் ரெண்டு கற்களைக் காணவில்லை. அவை தண்ணீருக்குள் முழுகி நிற்கின்றன என்று அவன் காலுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். சங்கையா ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்த மீசை. சௌடப்பன் விசிலை வாயில் வைத்தான். ரெண்டு அடித்தான்.

நடுப்பாலத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது. வேட்டிகளையும் சேலைகளையும் முடிந்து கயிறாக்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நாற்பத்தொரு பேர் கரையேறினார்கள். பஸ்ஸில் ஏறியபோது நாற்பத்திரண்டு பேர். முத்துத்தாயை மறுநாள் கருவேலங்காட்டு ஓரம் ஒதுங்கிய இடத்தில்தான் கண்டார்கள்.

விசாரணையில் சங்கையா, "கண்டக்டர் ரெண்டு விசில் குடுத்தான்" என்றார். சௌடப்பன், "டிரைவர் ஹாரன் அடிச்சாக" என்றான். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சங்கையா நெசவாளர் தெருவில் சௌடப்பன் வீட்டுக்கு வந்தார். தறி ஓடாத நேரம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னைக்கு ஒனக்குத் தெரிஞ்சுச்சா இல்லையா?"

"தெரிஞ்சுச்சுண்ணே."

"பெறகு ஏம்லே ரெண்டு ஊதுன?"

சௌடப்பன் சொன்னான்: "ஒங்க மூஞ்சியப் பார்த்தேன்."

சங்கையா மீசையைத் தடவினார். பிறகு கையை எடுத்துவிட்டார். "தண்ணியப் பார்க்க அனுப்புனா என் மூஞ்சியப் பார்த்திருக்க. பார்க்கிற மாதிரி நானும் வச்சிருந்திருக்கேன்." வாசல் வரை போனவர் திரும்பினார். "இனிமே மூணாவது ஒண்ணு வச்சுக்குவோம். ஒனக்கு எது சரியாப் படலையோ, மூணு ஊது. நிப்பாட்டிருவேன். ஏன்னு அப்பறமாத்தான் கேப்பேன்."

அன்றிலிருந்து தினமும் வண்டியைக் கிளப்புமுன் சங்கையா திரும்பி, "என்ன சொல்ற சௌடப்பா?" என்று கேட்பார். டிரைவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திருச்சுழி டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஏழு வருஷத்தில் நாலைந்து தடவை மூணு விசில் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று இருந்தது: பிரேக் கருகிய வாசம், சக்கரத்தில் கழன்ற நட்டு. சௌடப்பன் சரியாகவே இருந்தான். சரியாக இருக்கிறவனை மதிப்பது சுலபம்.

1973 ஐப்பசியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. முகூர்த்தம் பத்தரைக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று மைலில். பாலத்தில் கணுக்கால் தண்ணீர். எல்லாக் கல்லுக்கும் தலை தெரிந்தது. ஆனால் நடுவே நின்ற சௌடப்பன் நுரையும் சருகும் கூட்டமாக மிதந்து வருவதைப் பார்த்தான். பெரிய தண்ணீருக்கு முன்னால் அதுதான் வரும். சில சமயம் அது மட்டும் வந்துவிட்டுப் போகும். அவனுக்கு நிச்சயமில்லை. மூணு ஊதினான்.

சங்கையா எஞ்சினை அணைத்தார்.

பெண்ணின் தாய்மாமன் ராஜகுரு கீழே குதித்தார். "கணுக்கால் தண்ணிக்குப் பயப்படுறவன் தறியிலயே ஒக்காந்திருக்க வேண்டியதானலே!"

"அவனைத் திட்டாதீக. நிப்பாட்டுனது நான்" என்றார் சங்கையா.

"அவன் ஊதுனாம்லய்யா!"

"ஊதுனது அவன். நிப்பாட்டுனது நான். எது பெரிய குத்தம்னு நீங்களே சொல்லுங்க."

அரை மணி பொறுத்துப் பார்த்த கூட்டம், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்தை நடந்தே கடந்தது. முகூர்த்தம் தவறியது. பெரிய தண்ணீர் வரவே இல்லை. மத்தியானத்துக்குள் பாலம் காய்ந்து, ஆடுகள் போயின.

மறுநாள் காலை முதலாளி இருவரையும் வைத்துத் திட்டினார். சங்கையா கைகட்டிக் கேட்டுக்கொண்டார். வண்டியில் ஏறியதும், "என்ன சொல்ற சௌடப்பா?" என்றார், எப்போதும் போல. சௌடப்பன் சீட்டுக் கிழிக்கப் பின்னால் போய்விட்டான்.

மறுபடி பாலத்தில் தண்ணீர். நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். சௌடப்பன் இறங்கி நடந்தான். இன்றைக்கு என்ன ஆனாலும் ரெண்டுதான் ஊதுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தான். இன்னொரு முறை இந்த மனிதரைத் திட்டு வாங்க வைக்க முடியாது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் திரும்பி அந்த மூஞ்சியைப் பார்த்தான்.

மூஞ்சி இல்லை. சங்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயணிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது:

"தண்ணியப் பாருலே!"

சௌடப்பன் திரும்பிக் கற்களைப் பார்த்தான். ஒவ்வொன்றாக, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை. நுரை இல்லை. சருகு இல்லை. பாதிப் பாலத்தில், முன்பு காணாமல்போன அந்த ரெண்டு கற்களிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றான். ரெண்டுக்கும் தலை தெரிந்தது.

பிறகு ரெண்டு விசில் ஊதினான். சங்கையா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.