பச்சைத் தளத்தில் இறங்கிய ஹெலி

மாங்குளத்தில் வயலும் மாடுமாக வளர்ந்த நான், வளைகுடாக் கடலின் நடுவே ஓர் எரிவாயு மேடைக்கு வேலைக்குப் போனேன். துருச் சுரண்டி பெயின்ட் அடிக்கிற வேலை என்றுதான் சொன்னார்கள். மேடையின் உச்சியில் ஹெலி இறங்கும் தளத்திலும் நிற்க வேண்டும் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் ஹெலிச் சத்தம் கேட்டதும் குப்புற விழுந்துவிட்டேன். முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், வாயைத் திறந்து, காதைப் பொத்திக்கொண்டு. சண்டைக் காலத்தில் ஹெலி வந்தால் சுடத்தான் வரும். வன்னிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதைத்தான் முதலில் பழக்கினார்கள், வாய்ப்பாடெல்லாம் பிறகு. என்னோடு நின்ற இராமநாதபுரத்துக்காரன், "என்னண்ணே, தடுக்கிருச்சா?" என்றான். "ஓம், சப்பாத்து வழுக்கிப்போச்சு" என்றேன். அவன் நம்பவில்லை. ஆனால் ஒருவரிடமும் வாய் திறக்கவுமில்லை.

பயந்தாங்கொள்ளி என்று தெரிந்தால் அடுத்த படகிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். ஹெலி வரும்போது எல்லாருமே படியில் குனிந்துதான் இருப்பார்கள் என்பது பெரிய ஆறுதல். உப்புக்காற்று தின்னத் தின்ன அந்தத் தளத்துக்குப் பச்சை அடித்தேன், மஞ்சள் வட்டம் போட்டேன், சக்கரம் வழுக்காமலிருக்க விரித்த கயிற்று வலையை இழுத்துக் கட்டினேன். பிறகு பிறகு அதை என்னுடைய தளம் என்றே நினைத்தேன்.

ஹெலியில் ஏறுவது மட்டும் முடியவில்லை. லீவுக்கு மற்றவர்கள் அரை மணித்தியாலத்தில் கரைக்குப் பறப்பார்கள். நான் சாமான் படகில் பகல் முழுக்கக் கடலுக்குள் சத்தி எடுத்தபடி போவேன். கேட்டால், "எனக்குக் கடற்காத்து விருப்பம்" என்பேன். கடலே இல்லாத மாங்குளத்தான் சொல்கிற பொய்!

எரிவாயு வற்றியது. தளத்தைக் கழற்றப் போகிறார்கள் என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசி ஹெலி வரும் நாளில் படகுகளெல்லாம் பாரந்தூக்கிக் கப்பலோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தன. வேறு வழியில்லை. கழற்றுகிற வேலைக்கு நின்ற இராமநாதபுரத்துக்காரன்தான் என் கையைப் பிடித்துக் கதவுவரை கொண்டுபோனான். "கண்ண மூடிக்கங்கண்ணே" என்று காதுக்குள் கத்தினான்.

மூடினேன். மேலே போனதும் திறந்துவிட்டேன். கீழே பச்சைத் தளம், மஞ்சள் வட்டம், ஓரத்தில் அவன். அவன் சிவப்புச் சட்டை தெரிந்தது. தூக்கியது இடக்கை என்பதுகூடத் தெரிந்தது. இவ்வளவு வடிவாகத் தெரியுமா? அப்படியென்றால் அன்றைக்கு ஹெலியிலிருந்து சுட்டவனுக்கு, மரங்களுக்குள் ஓடிய எங்களையும் தெரிந்திருக்கும். பயம் போய் ஆத்திரம் வந்தது. அவனோ விடாமல் கை காட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு கிழமையில் அவன் வீடியோ அனுப்பினான். தளத்தை அப்படியே பானை மூடிபோலத் தூக்கிக் கப்பலில் வைத்தார்கள். உருக்கி வேறெதற்கோ எடுப்பார்களாம். வீட்டுக் குசினியில் வைத்து மனைவிக்குக் காட்டினேன். அவள் வீடியோவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"மெய்யாவே ஹெலியிலயோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"மேல இருந்து ஆக்கள் தெரியுதே?"

"தெரியுது. கை காட்டினாலும் தெரியுது."

அடுப்பில் கறி கொதித்தது. அவள் நெருப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"நீங்கள் காட்டினனீங்களோ?"

"காட்டினனான். அவன் சின்னப் பொட்டாப் போகுமட்டும் காட்டினனான்."