அரக்கி எறிந்த கல்

ஒற்றைக்கண் அரக்கர்களால் குறி பார்த்துக் கல் எறிய முடியாது. இதை நான் சொன்னபோது விளையாட்டு மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேரும் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். நெற்றி நடுவில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மலையில் நின்று பாறை வீசுவதுதானே அவர்களுடைய தொழில்? வீசட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் படாது. எது கிட்ட, எது எட்ட என்பது ஒரு கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றி, இல்லாத படியில் கால் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டும்.

எனக்கு அது தெரியும். என் வலது கண்ணில் பார்வை இல்லை. ஒன்பது வயதில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் பட்மின்டன் விளையாடும்போது இறகுப்பந்து நேராக வந்து கண்ணில் அடித்தது. கண் அப்படியே இருக்கிறது, கருமணி அசைகிறது, அழுதால் தண்ணீரும் வரும். பார்க்கிற வேலையை மட்டும் செய்யாது. வெளியே பார்த்தால் தெரியாது என்பதால் அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டார்: "ஒருத்தருக்கும் சொல்லாத." அந்த மேசைக்கு வரும்வரை அந்தச் சட்டத்தை நான் ஒரு தடவைதான் மீறியிருந்தேன். பதினாறு வயதில், என் பள்ளிக்கூடத் தோழியிடம்.

அவள்தான் இந்த விளையாட்டை நடத்தியவள். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தாள். ஞாயிறு பின்னேரம் நாலு பேர் அங்கே கூடுவோம். அவள் கதை சொல்லுவாள்: இது மலை, இது ஆறு, அங்கே எதிரி வருகிறான், என்ன செய்யப் போகிறீர்கள்? மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொருவராக இருந்து பதில் சொல்லுவோம். செய்ய நினைத்தது கைகூடுமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். எண் பெரிதானால் வெற்றி, சிறிதானால் தோல்வி, மிகவும் சிறிதானால் சாவு.

மற்ற இருவரையும் சொல்ல வேண்டும். ஒருவர் கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவோம். நாள் முழுதும் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவர் இங்கே வந்ததும் வாள்வீரர் ஆகிவிடுவார். மற்றவன் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து, காலி வீதி என்கிற பெரும் தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்பவன். ஆறு நாளும் வருகிற போகிற எல்லோரையும் "வாங்க மேடம்" என்று குனிந்து குனிந்து, ஏழாம் நாள் ஒருவரையும் மதிக்காத கொள்ளைக்காரனாக மாறுவான். நான் ஒற்றைக்கண் அரக்கி. பன்னிரண்டு அடி உயரம். ஒரு கண்தான், அதுவும் ஊரே பார்க்கும்படி நெற்றி நடுவில். ஒளிக்க ஒன்றும் இல்லை. அந்த நிம்மதி எப்படிப்பட்டது என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அதனால்தான் கல் விஷயத்தில் நான் விடவில்லை.

"அரக்கி எறியிற கல்லுக்கு ஐஞ்சு குறைக்கோணும்" என்றேன்.

"உனக்கு விசரா? உன்ர ஆளுக்கு நீயே குறைக்கச் சொல்லுறாய்" என்றாள் தோழி.

"ஓம். உள்ளது உள்ளபடி இருக்கட்டும்."

 அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பகடையில் என்ன விழுந்தாலும் என் எறிக்கு அதில் ஐந்து கழியும் என்று முடிவானது. எனக்குப் பெருமையாக இருந்தது. சலுகை கேட்காமல் வந்திருக்கிறேன், விழுந்தாலும் என் காலில் விழுவேன் என்று நினைத்தேன்.

ஒரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் அந்த இருபது முகப் பகடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தோழியின் மச்சாள் கனடாவில் இருந்து கொண்டுவந்தது. கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் மேசை அதிரும், பகடை எங்காவது உருண்டு தொலையும் என்று சொல்லி, எல்லோருக்கும் தானே உருட்டுவதாக முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். இரண்டு பெரிய சீஆர் கொப்பி மட்டைகளை ஒட்டி ஒரு மறைப்புச் செய்து, அதற்குப் பின்னால் உருட்டி, எண்ணை வாயால் சொல்லுவாள். நாங்கள் கேட்டுக்கொள்வோம். மற்ற இடங்களில் ஆடுகிறவர்களே தங்கள் பகடையை உருட்டுவார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

இரண்டு வருடம் ஆடினோம். நானாவின் வாள்வீரர் ஒரு கையை இழந்தார். ஹட்டன்காரனின் கொள்ளைக்காரன் பாம்புக் கிணற்றில் விழுந்து செத்தே போனான். அவன் பாவம் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, பிறகு புதுக் கொள்ளைக்காரன் ஒருவனை உருவாக்கினான். என் அரக்கிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. எனக்குக் கை ராசி என்றார்கள். உருட்டுவது நான் இல்லையே, என் கைக்கு ஏது ராசி என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? இல்லை. நல்லது நடக்கும்போது யார் கணக்குப் பார்க்கிறார்கள்.

அந்தப் பின்னேரம் வந்தது. எதிரியின் படகு ஆற்றில் போகிறது, உள்ளே பிடிபட்ட ஊர்ச் சனம். நாங்கள் மலை விளிம்பில் நிற்கிறோம். வாள்வீரரால் நீந்த முடியாது, கொள்ளைக்காரனின் அம்பு எட்டாது. மிச்சம் இருப்பது நானும் ஒரு பாறையும்தான். பாய்மரத்தை முறித்தால் படகு நிற்கும். ஐந்து கழித்த பிறகும் பதின்மூன்று வேண்டும். அதாவது பதினெட்டோ அதற்கு மேலோ விழ வேண்டும். தவறினால் பாறை சனத்தின் மேல் விழும். எறிகிறேன் என்றேன். மறைப்புக்குப் பின்னால் பகடை உருண்டது. தோழி குனிந்து பார்த்தாள், எழுதினாள், நிமிர்ந்தாள்.

"பத்தொன்பது!"

நானா எழும்பி நின்று மேசையில் அடித்தார். ஹட்டன்காரன் போட்ட கூச்சலில் கீழ் வீட்டு அங்கிள் கம்பால் கீழிருந்து எங்கள் தரையைத் தட்டினார். நான் அழுதுவிட்டேன். இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

அந்தக் கல்லை நான் மாதக்கணக்கில் சுமந்தேன். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் உண்மை. காலி வீதியைக் கடக்கும்போது வலது பக்கம் வாகனம் வருகிறதா என்று முழுத் தலையையும் திருப்பிப் பார்ப்பேன். முன்பெல்லாம் அதைக் கூந்தலைச் சரிசெய்வதுபோலச் செய்வேன், அதற்குப் பிறகு நேராகவே திருப்பினேன். என்னைப் பெண் பார்க்க ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்கு ஒரு குடும்பம் வந்தது. வெளி வீதியில் நின்று மாப்பிள்ளையின் தாயார் படிப்பு, வேலை எல்லாம் விசாரித்து முடித்ததும், "எனக்கு வலது கண் தெரியாது அன்ரி, சின்ன வயசில இருந்து" என்று நானே சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் அர்ச்சனைத் தட்டோடு போனார்கள், திரும்பி வரவில்லை. அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எனக்குக் கவலையே இல்லை. நான் படகை நிறுத்தியவள். ஐந்து கழித்தும் நிறுத்தியவள்.

விளையாட்டு மேசையில் மட்டும் என் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. வெட்கத்தால் இல்லை. யாரும் என்னை இரங்கிப் பார்க்காத ஒரே இடம் அதுதான் என்று நினைத்தேன். அதை ஏன் நானே கெடுத்துக்கொள்ள வேண்டும்?

போன வருடம் தோழி ஒரு கல்யாணத்துக்காக மட்டக்களப்புக்குப் போக வேண்டி வந்தது. "இந்த ஞாயிறு நீ நடத்து. எல்லாம் இதில இருக்கு" என்று தன் கொப்பியை என் கையில் தந்துவிட்டுப் பயணப் பையை மூடினாள். இரண்டு வருடக் கதையும் அதில்தான். அவள் அதைத் தரும்போது ஒன்றையும் யோசிக்கவில்லை. அதுதான் அவள் செய்த பிழை.

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதிய எண்ணை அழிக்கக்கூடாது. மாற்ற வேண்டுமானால் அதன் மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பழையது படிக்கக் கூடியதாக இருக்க, பக்கத்தில் புதியதை எழுத வேண்டும். அவளுக்கு அது கையோடு ஊறிவிட்டது. சந்தைக்கு எழுதும் சாமான் துண்டில்கூட அப்படித்தான் வெட்டுவாள்.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி கொப்பியைப் புரட்டினேன். வாள்வீரரின் எண்கள் சுத்தமாக இருந்தன. கொள்ளைக்காரனின் எண்களும். அவன் செத்த நாளில் ஒன்று விழுந்திருந்தது, ஒன்றாகவே இருந்தது. அரக்கியின் பக்கங்களில்தான் கோடுகள். நாலு வெட்டி பதினாறு. இரண்டு வெட்டி பதினைந்து. தேடிப் பிடித்தேன் அந்தப் படகின் நாளை. மூன்று. அதன் மேல் அடிமட்டம் வைத்ததுபோல ஒரு கோடு. பக்கத்தில் பத்தொன்பது.

முதல் பக்கத்துக்குப் போனேன். நான் முதன்முதல் ஆட வந்த நாளுக்கு முதல் நாள் எழுதியது; அரக்கியாக வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். "இவளுக்கு ஜன்னல் பக்கக் கதிரை, வலப் பக்கம் சுவர் வரட்டும். மற்ற ரெண்டு பேருக்கும் கண்ணைப் பற்றிச் சொல்லியாச்சு. அரக்கி சாகக் கூடாது."

கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் கத்தி முதுகில் தட்டித் தட்டி முன்னுக்குத் தள்ளினார். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் முகத்துவாரம் வரைக்கும் போய்விட்டேன்.  பொய் சொன்னவள் தன் பொய்யை இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்திருக்க வேண்டுமா? அழித்துத் தொலைத்திருக்கலாமே.

அந்த ஞாயிறு ஆட்டம் இல்லை என்று செய்தி அனுப்பினேன். அதற்கு அடுத்த ஞாயிறு போனேன். மூவரும் இருந்தார்கள், மேசையில் ரோல்ஸும் பிளேன்டீயும் இருந்தன. கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தோழியின் முன்னால் வைத்தேன். அவள் பார்த்தாள். நிறம் மாறிப்போனாள்.

"உன்ர நன்மைக்குத்தான்டி..."

"ஆரும் கேட்டவையே?"

"நீ முதல் நாள் எப்பிடி வந்தனீ எண்டு உனக்கு மறந்துபோச்சு. வேலையும் இல்ல, ஆரோடயும் கதைக்கிறதும் இல்ல. ரெண்டாம் கிழமையே அரக்கி செத்திருந்தா நீ திரும்பி வந்திருப்பியோ?"

"வந்திருக்க மாட்டன். அது என்ர பாடு. ஐஞ்சு குறை எண்டு நான் வாய் திறந்து கேட்டனான். இவையள் சாகலாம், நான் மட்டும் சாகக் கூடாதோ? இவையளை மனிசரா வச்சு ஆடினாய். என்னை என்னவா வச்சனீ?"

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்றே எழுதுகிறேன்.

"தங்கச்சி, கண்ணப் பத்தி செல்லித்தான் ஈந்தாங்க" என்றார் நானா, தலையைக் குனிந்துகொண்டு. "டைஸ் கத எங்களுக்குத் தெரியா. அல்லாஹ் மேல ஆணையா தெரியா."

"நெசமா தெரியாதுக்கா" என்றான் ஹட்டன்காரன். "அன்னைக்கி நான் கத்துனது மனசாரத்தான் கத்துனேன்."

நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு வருடமாக ரோல்ஸ் தட்டை எப்போதும் என் இடது பக்கமாகவே நீட்டிய கைகள் அவர்களுடையவை. அந்தக் கைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"திருப்பி உருட்டு" என்றேன். "அதே ஆறு, அதே படகு. ஐஞ்சு கழிச்சு. எல்லாருக்கும் முன்னால."

மறைப்பை நானே எடுத்து நிலத்தில் போட்டேன். அவள் பகடையை என்னிடம் நீட்டினாள். வேண்டாம், நீயே உருட்டு, நீ உருட்டி நான் பார்க்க வேண்டும் என்றேன். என் அரக்கி செத்தாலும், சனம் செத்தாலும், அந்த ஒன்றாவது நிசமாக நடக்கட்டும் என்று இருந்தது.

அவள் உருட்டினாள். பகடை வேகமாக மேசையில் உருண்டு, பிளேன்டீக் கோப்பையில் மோதித் திசை மாறி, என் வலப் பக்கமாக விளிம்பைத் தாண்டி விழுந்தது. சுவருக்கும் கதிரைக்கும் நடுவில் தரையில் அது துள்ளும் சத்தம் கேட்டது, நின்ற சத்தமும் கேட்டது. நான் தலையைத் திருப்பி, கதிரையை இழுத்து, குனிந்து பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மற்ற மூவரும் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். நான் குனிந்தபோது நானா மேசைக்கு அடியால் கையை விட்டுப் பகடையை எடுத்துவிட்டிருந்தார். எனக்குக் கஷ்டம் தரக்கூடாது என்று எடுத்தாரா, வேறு எதற்காவது எடுத்தாரா, அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

"பதினெட்டு தங்கச்சி" என்றார்.

"பதினெட்டுதான்க்கா" என்றான் ஹட்டன்காரன்.

நான் தோழியைப் பார்த்தேன். "ஓம். பதினெட்டு" என்றாள்.

மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றிலும் கண்ணீர் இருந்தது, அன்பு இருந்தது. கையைத் திறக்கச் சொன்னேன். நானா திறந்தார். உள்ளங்கையில் பகடை ஏழு என்ற எண்ணைக் காட்டியது. எடுத்த பிறகு எந்த முகம் மேலே இருந்து என்ன பிரயோசனம். கொப்பியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். 

அன்று உண்மையாகவே பதினெட்டு விழுந்திருக்கலாம். அப்படியானால் யாரும் எண்ணைத் திருத்தாமல் அந்த அரக்கி தன் சொந்தக் கையால் எறிந்த ஒரே கல் அதுதான், அது பட்டதா என்று தெரியாத ஒரே ஆள் நான்தான்.