தேன்மொழியைத் தேடி வந்த சேஃப்டி ஆபீசர்

அதிசயத்தை ஒரே வாயில் திணிக்காதே, சிறுகச் சிறுக ஊட்டு என்று எனக்கு முதலில் சொன்னவள் என் மூத்த மகள் ஸ்டெல்லா, போன கிறிஸ்துமஸ் லீவில். கம்பெனி பஸ்ஸில் பெண்பிள்ளைகளுக்குத் துணையாகப் போகிறவளுக்கு அது எதற்கு என்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஏறி ஒரகடத்தில் இறங்கும்வரை சோர்ந்து கிடக்கும் முகங்களைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு சக்திக்காரப் பெண்ணின் தொடர்கதை சொல்லப்போனேன். கதை சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

ஏழு உலகம்

முதல் நாள் ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பித்தேன். ஏழு உலகம், ஏழு ராணி, ஆளுக்கொரு சாபம். டவுனைத் தாண்டுமுன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பினால், ஆளாளுக்குக் காதில் ஒயர்! இரும்புத் தகட்டை அழுத்தும் ப்ரெஸ் லைனில் ட்ரெயினியாக இருக்கும் திருநெல்வேலிப் பெண் பவித்ரா மட்டும் பாவம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இத்தன பேர மனசுல வச்சுக்கிட்டு நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?"

சூடான கையுறை

அப்போதுதான் ஸ்டெல்லா சொன்னாள்: முதலில் கதையில் அவர்கள் பஸ், அவர்கள் மெஷின் வரட்டும். நம்பியபிறகு ஒரே ஒரு அதிசயம். அது பழகியதும் அடுத்தது.

பவித்ராவின் மெஷினைப் பற்றி அவளிடமே கேட்டேன். கை உள்ளே போனால் சென்சார் கண்டுபிடித்து மெஷினை நிறுத்திவிடுமாம். அதே மெஷினில் தேன்மொழி என்று ஒருத்தியை நிறுத்தினேன். பல நாள் வெறும் ஓ.டி., கேன்டீன் சாம்பார், சூப்பர்வைசர் திட்டு. ஒருநாள் மட்டும் அவள் கையுறை காரணமில்லாமல் சுட்டது. பிறகொரு நாள், உள்ளே விட்ட அவள் கையைச் சென்சார் பார்க்கவில்லை. மெஷின் இறங்கியது. அந்த இடத்தில் கதையை நிறுத்தினேன். டிரைவர் முனுசாமி சட்டென்று வண்டியை ஓரங்கட்டினார்.

"எம்மா, அந்தப் பொண்ணு கைக்கு இன்னா ஆச்சுன்னு சொல்லு, அப்பால வண்டிய எடுக்கறேன்!"

வெள்ளை ஹெல்மெட்

கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எங்களுக்குத்தான். இரண்டொரு நாளில் கம்பெனி கேட்டில் வெள்ளை ஹெல்மெட்டோடு சேஃப்டி ஆபீசர் நிற்கிறார். பக்கத்தில் பவித்ரா அழுதுகொண்டு. அவளுடைய பேட்ஜ் அவர் கையில். கேன்டீனில் வாய்க்கு வாய் மாறிய கதை, சென்சாரை ஏமாற்றி மெஷினுக்குள் கையை விட்ட பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கதையில் வந்த மெஷினை வைத்து இவளைப் பிடித்துவிட்டார். ட்ரெயினிதானே, இன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

இயேசப்பா! "சார், அது கதை சார்!" என்றேன். பஸ் பிள்ளைகளும் கத்தினார்கள். ஆபீசரோ, கூட்டாளியைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்தார்.

"மாட்டிக்கினா எல்லாரும் கதைன்னுதாம்மா சொல்வீங்கோ. மெஷின் கரெக்டா கீது, திட்டு கரெக்டா கீது, சாம்பார்கூட கரெக்டா கீது!"

அவசர அதிசயம்

நம்பும்படி இருந்ததெல்லாம் சொல்லியாகிவிட்டது. கதைதான் என்று காட்ட, இனி வரவேண்டிய அதிசயம்தான் என்னிடம் மிச்சம். மனசுக்குள் ஜெபித்துவிட்டு, மாதக்கணக்கில் பொத்திவைத்ததை அந்தக் கேட்டிலேயே அவிழ்த்தேன். ஏரிக்கு அடியில் இரும்பு நகரம் சார். அங்கே இரும்புக்கு உயிர் உண்டு. தேன்மொழி அந்த ஊர்ப் பெண். அதனால்தான் மெஷின் அவளைக் கடிக்காது. நாளைக்கு ஏரியில் இறங்கித் தாயைத் தேடப்போகிறாள்.

பவித்ரா அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். ஆபீசர் என்னையே உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. பேட்ஜை அவள் கையில் கொடுத்து உள்ளே போகச் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"சரிம்மா, ஏரில எறங்கறப்ப அந்தப் பொண்ணு சேஃப்டி ஷூ போட்டுக்கினு இருந்துச்சா?"

அதிசயத்தை மெல்ல மெல்ல அவிழ்க்கிற புண்ணியவான்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கதையில் யாருடைய மெஷினையாவது வைத்தால், முதல் நாளே அதற்கு ஒரு றெக்கையும் வைத்துவிடுங்கள்.