குரோட்டன்ஸ் பிடுங்கிய ஞாயிறு

மூடுபனி இறங்கியபோது மணி மூன்று இருபது. அப்போதுதான் கைபேசியில் நேரம் பார்த்தேன். நான்கு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே போடிக்குப் போய்விடலாம் என்று ஒரு கணக்கு. எதற்கெடுத்தாலும் நேரம் பார்ப்பது என் பழக்கம். என் மகள் அதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு முப்பதடி கீழே, சரிவின் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். தலையைத் தூக்கினேன். சரிவையே காணவில்லை.

இப்போதும் தினமும் மணி மூன்று இருபது ஆகிவிட்டால் அவளுக்கு போன் போட்டுவிடுகிறேன். எதற்கென்று அவளும் கேட்பதில்லை.

நாங்கள் போயிருந்தது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு மேலே இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு. மேல்பகுதியில் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள், சிலுவையும் எழுத்துமாக. கீழ்ச்சரிவில், தோட்ட வேலைக்கு வந்து அங்கேயே செத்தவர்களின் குழிகள். அவற்றுக்குக் கல் கிடையாது. போடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதற்காக எங்கள் சிலரைச் சேர்த்திருந்தார். மாதம் ஒரு ஞாயிறு போய்ப் புதர் வெட்டுவோம், கல்லில் பாசி சுரண்டுவோம், பேர்களைப் படித்து நோட்டில் எழுதுவோம், கிளம்பும் முன் சுத்தம் செய்த இடத்தைப் போட்டோ எடுப்போம். கல்லூரியில் படிக்கும் மகளை அன்றுதான் முதல் தடவையாகக் கூட்டிப் போனேன். வரமாட்டேன் என்றவளை வற்புறுத்தித்தான்.

கீழ்ச்சரிவு முழுக்கக் குரோட்டன்ஸ் செடிகள், சிவப்பும் மஞ்சளுமாக இடுப்பு உயரத்துக்கு நின்றன. காலையில் நாங்கள் மண்வெட்டியோடு இறங்கியபோது ஜீப் ஓட்டி வந்தவர் கேட்டார்:

“ஏன்க்கா, காட்டுல குரோட்டன்ஸு தானா மொளைக்குமா?”

“நீ ஸ்டியரிங்கப் பாரு மாப்ளே,” என்றார் ஆசிரியர். “செடி சோலிய நாங்க பாத்துக்கிறோம்.”

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். சாப்பிட்டு முடித்ததும் மகளிடம் சொன்னதும் நான்தான். “அந்தக் கடைசி வரிசையவும் வேரோட எடுத்துரு. போட்டோல பளிச்சுனு விழும்.”

பனிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“அம்மா, மண்ணு உள்வாங்குது. ஒரு காலு முட்டு வரைக்கும் போயிருச்சு.”

குரல் நிதானமாக இருந்தது. நிஜமாகவே பயந்தால் மட்டும்தான் அவள் அப்படிப் பேசுவாள்.

“அசையாத. அப்படியே நில்லு.”

ஆசிரியர் இறங்கப் பார்த்தார். மூன்றாவது அடியில் தொடை வரை புதைந்தார். இரண்டு பேராக அவரை இழுத்துப் போட்டோம். அப்போது மகள் இருந்த பக்கம் கற்கள் உருண்டன. எங்கோ அடியில் ஓடைத் தண்ணீரில் விழும் வரை அந்தச் சத்தம் கேட்டது. போன மழையில் அந்த ஓரம் பெயர்ந்து ஓடைக்குள் போயிருக்கிறது. புல் மூடிக் கிடந்ததால் எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஜீப்காரர் தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்து ஓடினார். நான் நின்ற இடத்திலிருந்து மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் “ம்” என்றாள். ஒரு தடவை பதில் வரவில்லை. மறுபடி கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டேன். “ம்” என்றாள்.

ஜீப்காரரோடு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மேலே நாங்கள் குவித்திருந்த செடிகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“எல்லாத்தையுமா புடுங்கிட்டீங்க?”

குனிந்து ஒரு செடியை எடுத்து அதன் வேரைப் பார்த்தாள்.

“ஆளுக்கு ஒரு செடி, தலமாட்டுல நட்டு வச்சிருந்தோம். பழைய குழியெல்லாம் உள்ள பொக்கு, கால வச்சா எறங்கிரும். யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னுதான்.”

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனிக்குள் இறங்கினாள். பிறகு குரல் மட்டும்தான்.

“இது எங்க மாமன். உசுரோட இருக்கையிலயும் இந்த மனுசன் யாருக்கும் வழி விட்டதில்ல. சுத்தித்தான் போகணும்... இது அவரு தங்கச்சி... ஆத்தா, ஏ ஆத்தா, எங்க நிக்கிற? பேசு.”

“இங்க இருக்கேன்.”

“எங்கையப் புடி. கால மெல்ல உருவு. வலது பக்கம் வச்சிராத. அங்க எம் மக கெடக்கா.”

இரண்டு பேரும் பனியிலிருந்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அன்று நான் நேரம் பார்க்காதது அப்போது மட்டும்தான். மகளுக்குத் தொடை வரை செம்மண். அவளைப் பிடித்த என் கை விடவே இல்லை. 

அந்தப் பெண் குவியலிலிருந்து ஒரு கம்பை ஒடித்து என்னிடம் நீட்டினாள்.

“ஒடிச்சு நட்டாலே புடிச்சுக்கிரும். அடுத்த மழைக்கு முந்தி வந்துருங்க. எந்தக் குழி எங்க இருக்குன்னு இப்ப எனக்கு மட்டுந்தான் தெரியும்.”