பத்து நொடியில் போய் நிற்க வேண்டிய இடம்

“...நிக்க வேண்டாம்னு யாருடி சொன்னா? நீயும் போய் அங்க நின்னுண்டா போட்டோவை யாரு எடுக்கறது, அதைத்தானே கேக்கறேன்” என்றாள் அம்மா.

அன்று அப்பாவுக்குச் சதாபிஷேகம். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய ஒரு சின்ன மண்டபம். எண்பது தாண்டிய அப்பாவுக்கும் அவர் பக்கத்தில் அம்மாவுக்கும் கலச தீர்த்தம் கொட்டி, புதுசு உடுத்தி, மாலை போட்டு, மேடையில் இரண்டு நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் குடும்பம் நின்றது. எதிரே காமிராவோடு நான். அம்மா குரலில் கோபமெல்லாம் இல்லை. சாத்தமுதுக்கு உப்பு போட்டாச்சா என்று கேட்கிற அதே குரல்தான்.

அந்தக் கேள்விக்கான பதிலை நான் காலையிலேயே ஒரு கம்பியில் சுற்றி வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஒரு பெட்டியோடு அப்பா அம்மாவிடமே திரும்பி வந்தவள் நான். ஏன் வந்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் வந்த கொஞ்ச நாளில் அண்ணா பெங்களூரிலிருந்து தன்னுடைய பழைய காமிராவைக் கொண்டுவந்து, “வெச்சுக்கோ, பொழுது போகும்” என்று கொடுத்தான். யாரும் சொல்லித்தரவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எடுத்து எடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். பிறகு நானே நல்ல காமிரா ஒன்று வாங்கினேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கும் வெளியாள் வந்து படம் எடுத்ததில்லை. மனிதர்கள் சொல்கிற வார்த்தைகளைச் சேர்த்து வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அப்படிச் சேர்த்தவற்றில் பாதி, என் படங்களைப் பற்றிச் சொன்னவைதான். “வெளியாள் எடுத்தா மூஞ்சில மாவு பூசினாப்புல இருக்கும். நீ எடுத்தாத்தான் நாங்க நாங்களா இருக்கோம்” என்பாள் மன்னி. அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், “இவ காமிராவுல மட்டுந்தான் எனக்குத் தொப்பை கிடையாது” என்பார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு நிறைந்துபோயிருந்தது. வேறு பசி இருந்தது தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில். கூட வேலை பார்க்கிறவர் மேலப்புதூர்க்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். ஒருநாள் எங்கள் வீட்டு ஆல்பங்களை அவரிடம் காட்டினேன். மூன்றையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, “ஏங்க, எல்லாரும் இருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?” என்று கேட்டார். நான்தானே எடுத்தேன் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்க வீட்ல எடுக்கறவங்களையும் கூப்பிட்டு கடைசியா ஒண்ணு நிக்க வைப்போம்ங்க. பக்கத்து வீட்டுக்காரரு கையில குடுத்தாவது எடுத்துருவோம். ஒங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்லீங்களா?”

வீட்டுக்கு வந்து ஆல்பங்களை மறுபடி எடுத்து என்னைத் தேடினேன். இருந்தேன். காவேரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் எடுத்த படத்தில் மூன்று படிகளில் மடிந்து விழுந்த நிழலாக. இன்னொன்றில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குள், கடுகளவில், முகத்தை மறைத்துக் காமிரா பிடித்த ஒருத்தியாக. அவ்வளவுதான். பதினெட்டு வருஷம்.

யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம், “அவா எடுத்தா தலையை வெட்டிடுவா, நீயே எடு” என்று யாராவது சொல்லுவார்கள். அது பாராட்டு மாதிரியே இருக்கும். வாங்கிக்கொண்டு மறுபடி இந்தப் பக்கம் வந்து நின்றுவிடுவேன்.

அப்பாவுக்குச் சதாபிஷேகம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எடுக்கிற குடும்பப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப்போவதாக அண்ணா சொல்லியிருந்தான். அந்தப் படத்தில், அப்பா அம்மா நாற்காலிகளுக்குப் பின்னால், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதிக்குள் நுழைந்து, ஜவுளிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு, காமிரா சாமான் விற்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன். தானாக எடுப்பதற்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும், மண்டபத்துக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு நட்டு வைத்தால் பந்திக்குப் போகிறவர்கள் காலில் இடறும் என்றேன். கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். மூன்று கால். ஒவ்வொரு காலும் ருத்ராட்சம் கோத்த மாதிரி உருண்டை உருண்டையாக, ரப்பர் வளையத்தோடு. எப்படி வளைத்தாலும் வளைந்து, விட்ட இடத்தில் நின்றது.

“கால்னு நெனைக்காதீங்க மேடம், கைன்னு நெனைச்சுக்குங்க. ஜன்னல் கம்பி, மரக்கிளை, நாற்காலி முதுகு, எதைக் காட்டினாலும் கட்டிப் புடிச்சுக்கும். மூணு மச்சினன் மாதிரிங்க. மூணும் ஒரே பக்கம் இழுத்தா நம்ம தலைதான் உருளும். ஒண்ணை மட்டும் லென்ஸுக்கு நேரா கீழ குடுத்துருங்க” என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் பழக ஆரம்பித்தேன். பொத்தானை அழுத்தினால் பத்து நொடி. காமிராவின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். கடைசி இரண்டு நொடி வேகமாகச் சிமிட்டும். அதற்குள் போய் நின்று, மூச்சு வாங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை உயரம் தோதாக இருக்கிறதே என்று கூடத்து ஊஞ்சல் சங்கிலியில் சுற்றிவிட்டேன். அப்பா வழக்கம்போல வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். படத்தில் விட்டமும் மின்விசிறியும்தான் அழகாக விழுந்திருந்தன. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவர்கள் இரண்டு பேரையும் திருவெள்ளறைக்கு அழைத்துப்போனேன். பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து, ஒரு வேப்பங்கிளையில் ஸ்டாண்டைச் சுற்றி, அப்பா அம்மாவை நிறுத்தி, ஓடிப்போய் நடுவில் நின்றேன். அப்பாவுக்குக் காது மந்தம். பத்து நொடி சும்மா நிற்கவும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஏழாவது நொடியில், “ஆயிடுத்தா?” என்று கேட்டபடி காமிராவைப் பார்க்க நடந்து வந்துவிடுவார். ஆறு படம் எடுத்தேன். ஆறிலும் அப்பாவின் அங்கவஸ்திரம்தான் முழுக்க. அதற்குப் பின்னால் எங்கேயோ அம்மாவும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். பரவாயில்லை, சதாபிஷேகத்தன்று மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், எழுந்து வரமாட்டார் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். எழுந்து வருகிறவர் வேறு யாராவதாக இருக்கலாம் என்று தோன்றவில்லை.

மண்டபத்தை முதல்நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேடைக்கு நேர் எதிரே, சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்குகிற படிக்கட்டு. அதற்கு ஓர் இரும்புக் கைப்பிடி. அங்கிருந்து மேடைக்குப் பதினைந்து அடி, மேடை ஏற இரண்டு படி. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஆறு நொடி. காலையில் முதல் வேலையாக ஸ்டாண்டின் மூன்று காலையும் அந்தக் கம்பியில் இரண்டிரண்டு சுற்றாகச் சுற்றி இறுக்கினேன். அந்தப் பக்கம் போன அத்தை, அப்பாவின் தங்கை, நின்று பார்த்துவிட்டு, “என்னடி இது, பல்லி மாதிரி தொத்திண்டிருக்கு” என்றாள். நல்லவேளை, இன்னும் கத்தவில்லை அத்தை என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். நன்றாகத்தான் ஆரம்பித்தது.

எங்கள் குடும்பத்தில் இந்த மாதிரிப் படத்துக்கு நிற்பதற்கு ஒரு முறை உண்டு. எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தம்பதி தம்பதியாக நிற்க வேண்டும். அண்ணாவும் மன்னியும், அக்காவும் அத்திம்பேரும், அத்தை, அவள் வீட்டுக்காரர், கல்யாணமான மருமான், அவன் பெண்டாட்டி. குழந்தைகள் கீழே உட்கார்ந்துகொள்ளலாம். அவர்களுக்கு முறை கிடையாது. இத்தனை வருஷம் இவர்களை இப்படி ஜோடி ஜோடியாக நிறுத்தினவள் நான்தான். “அத்திம்பேரே, அக்கா பக்கத்துல” என்று கையைக் காட்டினவளும் நான்தான்.

அன்றைக்கும் நிறுத்தினேன். இரண்டு நாற்காலிக்கும் பின்னால், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி விட்டு நிறுத்தினேன். மன்னி அதைப் பார்த்துவிட்டு, நடுவில் ஓட்டையாக இருக்கிறதே என்று அண்ணாவின் கையைப் பிடித்து இழுத்து நகர்ந்தாள். நான் விலகச் சொன்னேன். விலகினார்கள். அடுத்த நிமிஷம் அக்கா நகர்ந்தாள். மறுபடி விலகச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன், அது எனக்கு, நான் வந்து நிற்கப்போகிறேன் என்று.

அத்தை மட்டும், “ஜோடி ஜோடியா நிக்கறா... நடுவுல...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் தன் தாலிச் சரட்டை நிமிண்டிக்கொண்டிருந்தாள். அண்ணா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அப்பா, “ஆயிடுத்தா?” என்றார். அப்போதுதான் அம்மா அதைக் கேட்டாள். நீயும் நின்றால் யார் எடுப்பது என்று.

“இது எடுக்கும்மா” என்றேன். கைப்பிடிக் கம்பியில் தொற்றிக்கொண்டிருந்ததைக் காட்டினேன். பொத்தானை அழுத்திவிட்டு வந்து நிற்பதற்குப் பத்து நொடி இருக்கிறது என்றும் விளக்கினேன், ஏதோ அவர்களுக்கு அதுதான் கவலை என்பதுபோல.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். ஓர் ஆளின் முகம்கூட மாறவில்லை. பதினெட்டு வருஷமாக என்னை இந்தப் பக்கம் நிறுத்திவைக்க அவர்களிடம் மரியாதையான ஒரே ஒரு காரணம் இருந்தது. யாரையும் நோகடிக்காத காரணம், என்னைப் புகழ்கிற மாதிரியே இருந்த காரணம். அதை மலைக்கோட்டைக் கடையிலிருந்து ஒரு சாண் பொம்மையை வாங்கி வந்து நானே பிடுங்கிப் போட்டிருந்தேன். இனி வேறு காரணம் சொல்ல வேண்டும். அதை வாயால் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இப்போதும் அப்படித்தான் சொல்லுவேன். அன்று மத்தியானம் எனக்கு அக்காரவடிசல் தீர்ந்துவிடக்கூடாது என்று தனியாக எடுத்து வைத்தவள் அந்த மன்னிதான்.

அப்பா பரமபதித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், யார் எடுத்தது, ஜோராக இருக்கிறதே என்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் திறந்திருக்கிறது. ஒருவர் தலைகூட வெட்டுப்படவில்லை. நடுவில் ஓட்டையும் இல்லை.

அது எடுக்கப்படுவதற்கு முன் நடந்தது இது. அவர்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, காமிராவை ஸ்டாண்டில் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு சிமிட்டியது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை நோக்கி ஓடினேன். மேடையிலிருந்து அம்மா எழுந்து இறங்கி வந்தாள், மாலையோடு, ஈரம் சொட்டுகிற தலையோடு. பாதி வழியில் ஒருவரையொருவர் கடந்தோம். மேடையின் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா கம்பியருகே நின்று முதல் காலை எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பிரித்தாள். இழுக்கவில்லை, தடுமாறவில்லை. சின்ன வயதில் என் தலையில் சிக்கெடுத்த அதே விரல்கள். கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள் போல. இரண்டாவது காலைப் பிரிக்கும்போது விளக்கு வேகமாகச் சிமிட்டி, காமிரா தன் பாட்டுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டது. மூன்றாவதையும் பிரித்து, காமிராவை மடிசார் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, என்னிடம் நடந்து வந்து, என் இரண்டு கையையும் விரித்து அதற்குள் வைத்தாள். பிறகு மேடைக்கு ஏறிப் போய், தன் நாற்காலியை அப்பா பக்கம் ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.